மண்ணுக்குத் தேய்மானம் எழுதுவது யார்?

தீபாவளிக்கு மறுநாள் தஞ்சாவூர் பக்கம் பெரியப்பா ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒரு போர்டு கண்ணில் பட்டது. ‘இயற்கை வேளாண்மைத் தொகுப்புக் கிராமம்’ என்று பெரிய எழுத்து, அதன் பக்கத்தில் ஒரு பச்சை இலை. இலையில் பாதியைத் துரு தின்றுவிட்டது. போர்டின் காலில் சாய்த்து நாலு மூட்டை அடுக்கியிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால்... யூரியா!

மூட்டைகளை ஏற்றிப்போக டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்தவர் வேறு யாருமில்லை, பெரியப்பா மகன்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால், ‘இனிமே என் நிலத்துல ஒரு சொட்டு ரசாயனம் விழாது’ என்று என்னிடமே சத்தியம் செய்த அதே அண்ணன்.

“என்னண்ணே இது?” என்றேன்.

“போர்டு பழசுடா தம்பி. மூட்டை புதுசு” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால், முகம் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். ‘அரசாங்கப் பணம் வர்ற வரைக்கும் இயற்கை விவசாயம், நின்னதும் யூரியா. நம்ம ஆளுங்களே இப்படித்தான்!’ நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், நான் படித்தது பி.காம். கணக்கைப் பார்க்காமல் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்பது அந்தப் படிப்பு கற்றுக்கொடுத்த ஒரே நல்ல பழக்கம். “நோட்டு ஏதாச்சும் வெச்சிருக்கியாண்ணே?” என்று கேட்டேன். வைத்திருந்தார். அண்ணியின் கையெழுத்தில், மளிகைக் கணக்குக்கு நடுவே நெல் கணக்கும் இருந்தது.

அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருபோக சம்பா நிலம். சி.ஆர். 1009 ரகம். ஏக்கருக்கு 30 மூட்டை எடுத்துக்கொண்டிருந்தார், 60 கிலோ மூட்டைக் கணக்கில். 2021 சம்பாவில் இயற்கைக்கு மாறினார். ரகத்தை மாற்றவில்லை, உரத்தை மட்டும்தான் மாற்றினார். முதல் வருடம் 18 மூட்டை. இரண்டாம் வருடம் 20. மூன்றாம் வருடம் 23. ஆக மூன்று வருடத்தில் ஏக்கருக்கு 29 மூட்டை குறைந்திருக்கிறது. மூட்டை 1,200 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 34,800 ரூபாய். உரமும் மருந்தும் வாங்காததில் வருடத்துக்கு 4,000 ரூபாய் மிச்சம் என்கிறார் அண்ணன். அந்த 12,000-ஐக் கழித்தாலும் 22,800 ரூபாய் கைநஷ்டம். கூடுதலாகக் களை எடுத்த கூலியை அண்ணி எழுதவே இல்லை. ஏனென்றால், களை எடுத்தது அவர்தான்.

இது ஒரு வீட்டு நோட்டு. இதை வைத்து நாட்டுக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால், விளைச்சல் முதலில் விழுந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது பாருங்கள், அதற்குக் காரணம் உண்டு. யூரியா போட்ட சில நாளில் பயிருக்குத் தழைச்சத்து கிடைத்துவிடும். சாணியும் பசுந்தாளும் அப்படி இல்லை. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று, செரித்து, பிறகுதான் பயிருக்குக் கொடுக்கும். முப்பது நாற்பது வருடம் உப்பாகவே கொட்டிய நிலத்தில் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் மெலிந்துகிடக்கும். அது பழையபடி பெருகிவர வருடங்கள் ஆகும். அதுவரைக்கும் நிலம் பத்தியத்தில் இருக்கிற நோயாளி மாதிரிதான். பத்தியச் செலவை யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

‘அதுக்குத்தானே சார் மானியம்!’ என்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அண்ணன் சேர்ந்த திட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். பணம் தாமதமாக வந்த கதை, போட்டோ எடுக்க மட்டும் ஜீப் வந்த கதை என்று நிறையச் சொன்னார். அதெல்லாம் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். எனக்கு வேறொரு சந்தேகம். எல்லோரும் யோக்கியமாக, ஒரு பைசா சிந்தாமல் நடத்தினாலும் இந்தத் திட்டங்கள் உருப்படியாக அமையுமா? ஊருக்குத் திரும்பியதும் மத்திய அரசின் ‘பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா’வின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். 2015-ல் தொடங்கிய திட்டம். விவசாயிகளைத் தொகுப்பு தொகுப்பாகச் சேர்த்து, மூன்று வருடம் பணம் கொடுத்து இயற்கைக்கு மாற்றுவது நோக்கம்.

திருத்திய விதிமுறைப்படி ஒரு ஹெக்டேருக்கு மூன்று வருடத்துக்கும் சேர்த்து 31,500 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரித்துப் பாருங்கள். பயிற்சிக்கும் விழிப்பு உணர்வுக்கும் 9,000. விற்பனை, பேக்கிங், பிராண்டிங்குக்கு 4,500. சான்றிதழுக்கும் பரிசோதனைக்கும் 3,000. விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போவது 15,000. அதுவும் இயற்கை இடுபொருளுக்காக.

ஹெக்டேருக்கு 15,000 என்றால் ஏக்கருக்கு 6,000 ரூபாய் சொச்சம். வருடத்துக்கு 2,000 ரூபாய் சொச்சம். ஒரு நாளைக்கு? ஐந்தரை ரூபாய்! உங்கள் தெரு முனைக் கடையில் அரை டீகூட வராது.

இதற்கு முந்தைய விதிமுறையில் ஹெக்டேருக்கு 50,000 ரூபாய். அதில் 31,000 விவசாயிக்கு. அதாவது நூற்றுக்கு 62 ரூபாய் அவர் கைக்குப் போனது. திருத்திய பிறகு நூற்றுக்கு 48 ரூபாய்கூட இல்லை. மொத்தத் தொகை குறைந்தது. அதில் விவசாயியின் பங்கு இன்னும் வேகமாகக் குறைந்தது. பழைய கணக்கே வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு 12,500 ரூபாய்தான் ஆகிறது. அண்ணியின் நோட்டில் இருக்கும் பள்ளம் 22,800.

பயிற்சியும் சான்றிதழும் வேண்டாத செலவு என்று நான் சொல்ல வரவில்லை. பிரச்னை வேறு. இந்தப் பட்டியலில் பயிற்சிக்குத் தலைப்பு இருக்கிறது, பிராண்டிங்குக்குத் தலைப்பு இருக்கிறது, பரிசோதனைக்குத் தலைப்பு இருக்கிறது. குறைந்துபோகும் விளைச்சலுக்கு மட்டும் தலைப்பே இல்லை! மாறுகிறவனுக்கு உண்மையான செலவு அது ஒன்றுதான். அதை மட்டும் அவன் தலையில் கட்டிவிட்டு, மிச்ச எல்லாவற்றுக்கும் நிதி ஒதுக்கியிருக்கிறோம்.

அடுத்தது, அந்த மூன்று வருடம். ஏற்றுமதிக்கான தேசிய இயற்கை வேளாண் விதிகளின்படி, ஒருபருவப் பயிர் என்றால் விதைப்பதற்கு முன் 2 வருடம் நிலம் ரசாயனம் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். பலவருடப் பயிர் என்றால் முதல் அறுவடைக்கு முன் 3 வருடம். விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து சான்று கொடுத்துக்கொள்ளும் பி.ஜி.எஸ். முறையிலும் மாறுதல் காலம் உண்டு. அந்தக் காலத்தில் விளைந்ததை முழு ‘ஆர்கானிக்’ என்று விற்க முடியாது. அதாவது விளைச்சல் குறைவாக இருக்கும்போது நல்ல விலையும் கிடையாது. நல்ல விலைக்குத் தகுதி வருகிற நேரத்தில் திட்டம் மூட்டை கட்டுகிறது. பிள்ளையை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்து, பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் ஃபீஸ் கட்டுவதை நிறுத்தினால் எப்படி இருக்கும்?

இந்த மூன்று வருட வியாதி அரசாங்கத்துக்கு மட்டும் வந்ததல்ல. கம்பெனிகள் லாபத்தில் 2 சதவிகிதம் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2013-ன் கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. செலவு செய்யலாம் என்று அது அனுமதிக்கும் பட்டியலில் மண், காற்று, நீரின் தரத்தைக் காப்பதும் இருக்கிறது. ரொம்ப நல்லது. ஆனால், தொடர் திட்டம் என்றால் எவ்வளவு நாள்? தொடங்கிய நிதியாண்டை விட்டுவிட்டு மூன்று நிதியாண்டு. அவ்வளவுதான். மார்ச் 31-ம் தேதி கணக்கு முடிவது ஆடிட்டருக்குத் தெரியும். மண்புழுவுக்குத் தெரியுமா?

இப்போது இதே வயலில் இன்னொரு மானியத்தைப் பார்ப்போம். அண்ணன் ஏற்றிப்போன யூரியா. 45 கிலோ மூட்டையின் விலை, வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய். பல வருடங்களாக இதே விலை. அசல் விலை இதைப்போலப் பல மடங்கு. மிச்சத்தை அரசு கொடுக்கிறது. இதற்குத் தொகுப்பு அமைக்க வேண்டியதில்லை. பயிற்சிக்குப் போய் உட்கார வேண்டியதில்லை. வயலில் நின்று போட்டோ எடுத்து அனுப்ப வேண்டியதில்லை. கடையில் இருக்கும் மெஷினில் கைரேகை வைத்தால் போதும். முக்கியமாக, ‘மூணு வருஷம் ஆச்சு, இனிமே கிடையாது’ என்று யாரும் சொல்வதில்லை.

2022-23-ல் உர மானியத்துக்கு மட்டும் மத்திய அரசு செலவிட்டது இரண்டரை லட்சம் கோடி ரூபாய். உக்ரைன் யுத்தத்தால் உலகச் சந்தையில் விலை எகிறிய வருடம் அது, ஒப்புக்கொள்கிறேன். மற்ற வருடங்களில் இதைவிடக் குறைவு. ஆனாலும் லட்சம் கோடிகளில்தான்.

இன்னொரு பக்கம், 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025-26 வரைக்குமான மொத்த ஒதுக்கீடு, மாநிலங்களின் பங்கையும் சேர்த்து, 2,481 கோடி. மேலே சொன்ன உர மானியத்தில் நாலு நாள் செலவுகூட ஆகவில்லை. இலக்கு? 15,000 தொகுப்புகள், ஏழரை லட்சம் ஹெக்டேர், ஒரு கோடி விவசாயிகள். இதை வகுக்க கால்குலேட்டர் தேவையில்லை. ஆளுக்கு 2,481 ரூபாய். நிலத்தை வகுத்தால் ஆளுக்கு 18 சென்ட் சொச்சம். 18 சென்ட்டில் பந்தல் போட்டு அவரைக்காய் ஏற்றலாம். நாட்டின் விவசாயத்தை மாற்ற முடியுமா?

‘அப்படின்னா யூரியா மானியத்தை உடனே நிறுத்திடலாமா?’ என்று ஒரு கோபக்காரர் கேட்பார். ஐயா, வேண்டாம்! பக்கத்திலேயே நடந்த பாடம் இருக்கிறது. 2021-ல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே போடாகத் தடை போட்டது. தயாராக அவகாசம் இல்லை, போதுமான மாற்று உரமும் இல்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. அரிசியை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. அந்த வருடம் நவம்பரிலேயே தடையை விலக்கிக்கொண்டார்கள். இதை வைத்து ‘இயற்கை விவசாயமே உதவாது’ என்று சிலர் எழுதினார்கள். நான் படித்துக்கொண்ட பாடம் வேறு. பாலம் கட்டாமல் ஆற்றைத் தாண்டச் சொன்னால் யாராயிருந்தாலும் மூழ்குவார்கள். அவர்கள் பாலமே கட்டவில்லை. நாம் பாதி ஆறு வரைக்கும் பாலம் கட்டிவிட்டு, திறப்பு விழாவும் நடத்தி போர்டும் வைத்துவிடுகிறோம்.

முழுப் பாலம் கட்டியவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். சிக்கிம், இயற்கை மாநிலமாகப் போகிறோம் என்று 2003-ல் சட்டமன்றத்தில் அறிவித்தது. ரசாயன உரத்துக்கான ஆதரவைப் படிப்படியாகக் குறைத்தது. முழு இயற்கை மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது 2016 ஜனவரியில். 13 வருடம்! அதுவும் முன்பிருந்தே ரசாயனம் குறைவாகப் பயன்படுத்திய ஒரு குட்டி மலை மாநிலத்துக்கு. காவிரி டெல்டாவுக்கு மூன்று வருடம் போதும் என்று எந்த வாத்தியார் கணக்குப் போட்டுக் கொடுத்தாரோ, தெரியவில்லை.

ஆந்திரா வேறு வழியில் போனது. 2016-ல் தொடங்கிய அவர்களின் இயற்கை வேளாண் திட்டத்தில், பணத்தின் பெரும்பகுதி உரத்துக்கோ மருந்துக்கோ போகவில்லை, மனிதர்களுக்குப் போனது. இயற்கையில் ஜெயித்த விவசாயியையே சம்பளம் கொடுத்துப் பயிற்சியாளராக்கினார்கள். கிராமத்துப் பெண்களின் சுய உதவிக் குழுக்களைக் கூடச் சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் வந்து பவர் பாயின்ட் போட்டால் விவசாயி கொட்டாவி விடுவார். பக்கத்து வயல்காரன் ‘நான் இப்படிச் செஞ்சேன்’ என்றால் காது கொடுப்பார். மாநில அரசு இதற்காக ஜெர்மன் வளர்ச்சி வங்கியிடம் 9 கோடி யூரோ கடனும் வாங்கியது. இந்த இடம் எனக்குப் பிடித்தது. கடன் வாங்கிச் செய்கிறார்கள் என்றால், அதை ஒரு சொத்தாக மதிக்கிறார்கள் என்று அர்த்தம். 2024-ல் போர்ச்சுகல் நாட்டின் கல்பென்கியன் விருது பெற்ற மூவரில் இந்தத் திட்டமும் ஒன்று. எல்லோரும் கைதட்டினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஜீரோ பட்ஜெட் முறைக்கு அறிவியல் ஆதாரம் போதாது என்று 2019-ல் தேசிய வேளாண் அறிவியல் அகாடமி எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த விவாதம் நடக்கட்டும், நடக்கத்தான் வேண்டும். ஆனால், ஒரு கிராமத்தோடு பல வருடம் கூடவே நிற்பது என்ற அணுகுமுறையில் என்ன தப்பு?

இப்போது என் பி.காம். புத்தகத்துக்கு வருகிறேன். அதில் ‘தேய்மானம்’ என்று ஒரு பாடம். ஒரு மெஷினை வாங்கினால், அது வருடா வருடம் எவ்வளவு தேய்கிறதோ அதையும் செலவாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் காகிதத்தில் லாபம் தெரியும், கடையில் மெஷின் படுத்துவிடும். மில் முதலாளி தறிக்குத் தேய்மானம் எழுதுகிறார். டாக்ஸி வைத்திருப்பவர் காருக்கு எழுதுகிறார். மண்ணுக்கு யார் எழுதுகிறார்கள்? 30 மூட்டை விளைந்தது என்பது மட்டும்தான் கணக்கில் வருகிறது. அதற்காக மண்ணிலிருந்து எவ்வளவு உருவினோம் என்பது எங்கேயும் வருவதில்லை.

அண்ணன் உள்ளே போய் இரண்டு மண்வள அட்டைகளைக் கொண்டுவந்தார். மண்ணில் இருக்கும் கரிமச் சத்து அரை சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று போடுவார்கள். முதல் அட்டையில் 0.4. மூன்று வருடம் கழித்து எடுத்த அட்டையில் 0.5. என்னைக் கேட்டால், அந்த மூன்று வருடத்தில் அவர் சம்பாதித்தது இதுதான். 22,800 ரூபாயும் அண்ணியின் இடுப்பு வலியும் சேர்ந்து அந்தப் புள்ளி ஒன்றாக மாறியிருக்கிறது. வங்கி இதை அடமானமாக ஏற்காது. திட்ட அறிக்கையில் ‘பயன்பெற்றோர்: 1’ என்று வரும், இந்த எண் வராது. நாலாவது வருடம், பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்காக, அந்தப் புள்ளி ஒன்றை அவர் மறுபடியும் விற்க ஆரம்பித்துவிட்டார். வாங்குகிறவர்கள் நாம்தான். விலை மட்டும் கொடுப்பதில்லை.

சரி, என்னதான் செய்யலாம்? நான் விவசாய விஞ்ஞானி இல்லை. கணக்குப் பிள்ளையாக மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, மானியத்தில் விளைச்சல் இழப்புக்கென்று ஒரு தலைப்புப் போடுங்கள். ஊறுகாய்க்கு ஒதுக்கிவிட்டுச் சோற்றை மறக்காதீர்கள். இரண்டு, மூன்று வருடத்தை ஆறேழு வருடமாக்குங்கள். முதல் வருடம் அதிகம் கொடுத்து, விளைச்சல் ஏற ஏறக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மூன்று, வாளி வாங்கினாயா, டிரம் வாங்கினாயா என்று பில் கேட்பதை விட்டுவிட்டு மண்வள அட்டையைக் கேளுங்கள். மண் ஏறியிருந்தால் பணம் ஏறட்டும். இதற்கு எவ்வளவு செலவாகும் என்று பயப்படுகிறவர்கள், அந்த இரண்டரை லட்சம் கோடியை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

‘ரீஜெனரேட்டிவ் அக்ரிகல்ச்சர்’ என்று கருத்தரங்குகளில் இப்போது பெரிய பெயர் அடிபடுகிறது. ஏ.சி. ஹாலில் பேனர், தோளில் துணிப்பை, மதியம் தினை பாயசம். ஆர்கானிக் கடையில் கிலோ அரிசிக்கு மூன்றிலக்க விலை கொடுக்கும்போது நமக்கும் ஒரு பெருமை. தப்பில்லை. ஆனால், மாறிக்கொண்டிருக்கிற விவசாயியின் முதல் வருட நெல், இரண்டாம் வருட நெல்... அதை வாங்க அந்தக் கடையில் அலமாரியே இல்லை. நமக்கு ஜெயித்தவன் வேண்டும். ஜெயிக்கப் போகிறவனை வழியில் தாங்க யாருக்கும் நேரமில்லை.

கிளம்பும்போது அண்ணி ஒரு பை அரிசி கொடுத்தார். “இது அந்த அரை ஏக்கர்ல விளைஞ்சது தம்பி. மருந்து அடிக்காதது. அதை மட்டும் உங்கண்ணன் விடல” என்றார்.

“அந்த அரை ஏக்கர் எதுக்குண்ணே?” என்று கேட்டேன்.

“வீட்டுக்குடா. பேரப்புள்ளைங்க சாப்பிடுதுல்ல?”

“அப்போ, மத்த நெல்லு?”

அண்ணன் கொஞ்சம் தயங்கினார். “கொள்முதல் நிலையத்துல போட்டுடுவேன்” என்றார்.

அங்கிருந்து அது எங்கே வரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.